‘கடைசி பஸ்’ ஒஸ்லோவில் ஓடிய குளிர்காலம்

20.11.2004, சனி

வெண்டிக்காய் இந்தக் கிழமையும் பாதி கறுத்துத்தான் வந்தது. நல்லதைத் தெரிந்து முன்னுக்கு அடுக்கினேன், மிச்சம் வீட்டுக்கு. சிறிதேவி பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தாள். கடைக்காரன் பெண்சாதி கறுத்த வெண்டிக்காயைத்தான் தின்ன வேண்டும் என்பது அவளுக்கு எப்போதோ விளங்கிவிட்டது.

மத்தியானம் ஸ்டியான் வந்தான். இரவு விடுதிகளில் பாட்டுப் போடுகிற நோர்வேப் பெடியன். கோடையில் ஒரு பழைய இசைத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குறூன்லாண்டில் இருக்கிற தமிழ்க் கடை எல்லாம் ஏறி இறங்கினவன். லண்டனில் வாங்கினானாம். இந்தப் பெண் என்ன சொல்கிறாள், யாராவது சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் கடைக்கும் வந்தான். லேபிளைப் பார்த்தேன். கடைசி பஸ். பாடியவர்: பரமநாதன். 1974.

என் தம்பி.

அந்தத் தட்டைக் கொழும்பிலிருந்து பெட்டி பெட்டியாக ரயிலில் கொண்டுவந்து யாழ்ப்பாணத்தில் சலூன், தேத்தண்ணிக் கடை, ஒலிபெருக்கிக்காரர் என்று ஒவ்வொரு வாசலாக விற்றவன் நான். என் முதல் வியாபாரம் அதுதான். அரிசியும் மிளகாயும் எல்லாம் பிறகு. திருவிழாவிலே சுவாமி வீதி சுற்றி முடிய இந்தப் பாட்டைத்தான் போடுவார்கள். தட்டிவான்காரர் ஹோர்னில் அதன் தாளத்தை அடித்தார்கள். கலியாண வீட்டு பாண்டுகள் இன்றைக்கும் கனடாவில் அதை வாசிக்காமல் விடுவதில்லை.

நாங்கள் பொப் பாட்டு என்போம். ஸ்டியான் இது அசல் ஃபங்க் என்கிறான். பேஸ் கிட்டார் நொண்டிக்கொண்டு நடக்கிற நடையில்தான் தான் மயங்கினதாம். பஸ்ஸைத் தவறவிடப் போகிறவன் ‘ஏறட்டோ?’ என்று கேட்பான். உள்ளே இருக்கிற பெண் ‘இடமில்லை’ என்பாள். பாட்டு முழுக்க அவ்வளவுதான். ஸ்டியான் அதை வெட்டி ஒட்டிப் புதிதாகச் செய்திருக்கிறான். இன்றைக்குக் கடையில் போட்டுக் காட்டினான். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த எனக்கே கால் ஆடியது.

தம்பியின் பெயர் உறையில் பெரிய எழுத்தில் வரவேண்டும், இல்லாவிட்டால் சம்மதமில்லை என்று கறாராகச் சொன்னேன். சரி என்றான். பெண் குரல் யாருடையது என்று கேட்டான். கோரஸ் என்றேன்.

இமெல்டாவின் குரல். பரமன் அவளைக் கட்டத்தானே வேதத்துக்கு, கிறிஸ்தவத்துக்கு, மாறி, முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய்க் குடியேறினான். அவளுடைய பேரை எங்கள் வீட்டில் சொல்வதில்லை. இவனுக்கு மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்?

4.12.2004, சனி

வானொலியில் வந்துவிட்டது! ஒரு நாளைக்கு நாலைந்து தரம் போடுகிறார்கள். கந்தோரில் வேலை செய்கிறவர்கள் நத்தார், கிறிஸ்மஸ் விருந்துகளில் குடித்துவிட்டு இதற்குத்தான் ஆடுகிறார்களாம். மகள் ராகவி ஸ்டோவ்னர் ஸ்டேஷனில் சிநேகிதப் பிள்ளைகளோடு நின்றபோது, ஒரு கூட்டம் வெள்ளைப் பெடியள் ‘இடமில்லை, இடமில்லை’ என்று கத்திக்கொண்டு ரயிலுக்குள் ஏறினார்களாம். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கணினி வேலைக்குச் சென்னையிலிருந்து வந்திருக்கிற ரங்கநாதன் கடையில் நின்று காதைத் தீட்டிக் கேட்டார். “சார், இது தமிழா? நான் ஏதோ பிரேசில்னு நினைச்சேன்.” சிரிக்கட்டும். என் தம்பி அவருடைய ஊரில் பிறந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

பின்னேரம் பரமன் எடுத்தான். புதுக்குடியிருப்புக்கு வந்து ரெலிபோன் கடையிலிருந்துதான் எடுப்பான், மாதத்தில் ஒருக்கால். பாட்டைப் பற்றிச் சொன்னேன். அவனுக்குப் பெரிய வியப்பு ஒன்றும் இல்லை. “அது செத்த பாட்டில்லை அண்ணை. இஞ்சை பெடியளெல்லாம் என்னை இடமில்லை மாஸ்டர் எண்டுதான் கூப்பிடுறவை.”

“உனக்கெண்டு ஒரு பேர் இல்லையோடா?”

“இதுவும் நல்ல பேர்தானே.”

எனக்குப் பிடிக்கவில்லை. ஐயா பார்த்துப் பார்த்து வைத்த பேர் பரமநாதன். கடற்கரைப் பெடியள் பட்டப்பேர் வைக்க அவன் சிரித்துக்கொண்டு இருக்கிறான்.

26.12.2004, ஞாயிறு

காலையில் செய்தி. சுமாத்திரா, தாய்லாந்து, பிறகு இலங்கை. கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம். கடல் எப்படி ஊருக்குள் வரும்?

முல்லைத்தீவு என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாதவரைக்கும் நல்லது என்று இருந்தேன். பின்னேரம் தமிழ் வானொலியில் சொன்னார்கள்.

அவனுடைய வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் தேவாலயமும் ஒரு மீன் வாடியும்தான்.

28.12.2004

ஒரு லைனும் இல்லை. புதுக்குடியிருப்பு ரெலிபோன் கடை மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள் இல்லை. கிளிநொச்சியில் சிறிதேவியின் ஒன்றுவிட்ட சகோதரி உதயகுமாரி மட்டும் கிடைத்தாள். பள்ளிக்கூடங்கள் எல்லாம் சனம் என்றாள். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி ‘சின்னத்தம்பி பரமநாதன்’ என்று கேட்கச் சொன்னேன். ஓம் அத்தான் என்றாள்.

29.12.2004

ரெலிபோன் காட் வாங்க ஸ்டோவ்னர் சென்டருக்குப் போனேன். வானொலியில் ஆட்டப் பாட்டுகளை நிறுத்திவிட்டார்கள். இந்த நாட்டுச் சனமும் தாய்லாந்தில் காணாமல் போயிருக்கிறது, எல்லோருக்கும் முகம் செத்துக் கிடக்கிறது. ஆனால் ஒரு உடுப்புக் கடையில் மாத்திரம் யாரோ நிறுத்த மறந்துவிட்டார்கள். உள்ளே ‘கடைசி பஸ்’ ஓடிக்கொண்டிருந்தது.

நின்றேன். ஸ்டியான் செய்ததில் அவளுடைய குரல்தான் திரும்பத் திரும்ப வரும். பரமன் நடுவில் ஒரே ஒரு தரம் ‘ஏறட்டோ’ என்று கேட்பான். அந்த ஒரு தரத்துக்காகக் காலுறை வாங்குகிறவன் மாதிரி நின்றேன். அவள் பாடி முடியட்டும், முடியட்டும் என்று மனம் கிடந்து அடித்தது. வந்தான். கேட்டான். போய்விட்டான்.

விற்கிற பிள்ளை உதவி வேணுமா என்று கேட்டாள். ஆறு சோடி காலுறை வாங்கிக்கொண்டு வந்தேன்.

1.1.2005

அயலில் ஒருவரும் வெடி கொளுத்தவில்லை. வாசல்களில் மெழுகுதிரி. கடவுளே, ஒரு சேதி.

3.1.2005, திங்கள்

உதயகுமாரி எடுத்தாள். முள்ளியவளை, புதுக்குடியிருப்பு, ஆஸ்பத்திரி, எல்லா இடமும் கேட்டாயிற்றாம். “பரமநாதன் எண்டு ஒருத்தரையும் ஆருக்கும் தெரியாதாம் அத்தான்.” தெரியாது என்றால் என்ன அர்த்தம்? இல்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு. இருபத்தைந்து வருடம் ஓர் ஊரில் இருந்தவனை எப்படித் தெரியாமல் போகும்?

சாப்பாட்டு மேசையில் ராகவி சொன்னாள்: “அப்பா, சித்தப்பாவை அங்கை ஆர் பரமநாதன் எண்டு கூப்பிட்டது? இடமில்லை மாஸ்டர் எண்டு கேக்கச் சொல்லுங்கோவன்.”

கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். செத்தாரோ உயிரோ என்று தெரியாத மனுசனைப் பட்டப்பேர் சொல்லி ஊர் ஊராய்க் கூவுறதோ? சின்னத்தம்பியின்ரை மகனை? வாயை மூடு என்றேன். பிள்ளை அழவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைவிட அழுதிருக்கலாம்.

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சரக்குக் கப்பல் கடலில் நின்றால் எவனைப் பிடிக்க வேணும், எவனுக்கு எப்படிக் கதைக்க வேணும் என்று தெரியும். இதுக்கு ஆரைப் பிடிக்கிறது?

6.1.2005

புஷ்பமலர் அக்கா பொங்கல் சாமான் வாங்க வந்தார். கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவர், நல்ல வாடிக்கை. பானையைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார், மறுபடி தூக்கினார். கடைசியில் கேட்டுவிட்டார். “தம்பி, குறை நினையாதையும். நீங்கள் இப்ப துடக்கோ, இல்லையோ?”

கேட்டதில் பிழையில்லை. சாவுத் தீட்டில் இருக்கிற துடக்குக்காரன் கையால் பொங்கல் பானை வாங்க யார் விரும்புவார்? பரமன் போய்விட்டான் என்றால் முப்பத்தோராம் நாள் முடியும்வரை எனக்குத் துடக்கு. கோயிலுக்குப் போக ஏலாது. பொங்க ஏலாது. இருக்கிறான் என்றால் பொங்காமல் விடுவது அவனை நானே கொன்றதற்குச் சமம்.

“துடக்கில்லை அக்கா. தம்பி இருக்கிறான்,” என்றேன். பானையைக் கொண்டுபோனார். போகும்போது என்னை நம்பினமாதிரித் தெரியவில்லை. நானே நம்பினேனோ?

8.1.2005, சனி

எனக்குத் தெரியாமல் ராகவி ஸ்டியானுக்குச் சொல்லியிருக்கிறாள். அவன் வானொலி நிகழ்ச்சி ஒன்றில், இந்தப் பாட்டுக்காரனைக் கடல் கொண்டுபோனதோ என்று தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டு ஒரு நேர்ஸ் அவனுக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறாள். மாரித். வடக்கே ஹம்மர்பெஸ்ட் பக்கத்துப் பெண், வைத்தியக் குழுவோடு வன்னிக்குப் போகிறாள். இன்றைக்கு இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள்.

நான் பரமனின் படம் ஒன்றைக் கொடுத்தேன். அவனுக்கு முப்பது வயதில் எடுத்த படம், பெரிய கொலர் சேட்டு, கன்னத்தில் பாதி மயிர். மாரித் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள். முழுப் பேரையும் ஐயாவின் பேரையும் ஊரையும் எழுதிக் கொடுத்தேன். அவள் அந்த எழுத்துகளை உச்சரித்துப் பார்த்தாள். நாக்கு ஒத்துழைக்கவில்லை.

ராகவி உள்ளேயிருந்து வந்து சீடி ஒன்றை அவளுடைய கையில் வைத்தாள். “பேரை விடுங்கள். இதை வாகனத்தில் போட்டுவிட்டு, இது யார் என்று கேளுங்கள்.” நோர்வேஜியனில் சொன்னாள், என்னைப் பாராமல் சொன்னாள்.

நான் தடுக்கவில்லை. மானம் மரியாதை பார்க்க இப்போது கையில் ஒன்றும் மிச்சமில்லை.

11.1.2005

ஒன்றுமில்லை.

14.1.2005, வெள்ளி. பொங்கல்

கடை வாசலில், பனிக்குள், எல்லோரும் பார்க்கப் பொங்கினேன். காஸ் அடுப்பு காற்றுக்கு நின்று நின்று அணைந்தது. சிறிதேவி வேண்டாம் என்று சொன்னாள். உயிரோடு இருந்தால் அவனுக்குத் தெரியவா போகிறது, இல்லையென்றால் பாவம் நமக்குத்தானே என்றாள். கேட்கவில்லை நான். பால் பொங்க நேரமாயிற்று, பொங்கினபோது என் பக்கம் வழிந்தது. புக்கையைக் கிண்ணங்களில் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். சிலர் வாங்கி, சாப்பிடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரங்கநாதன் மட்டும் இரண்டாம் தரம் கேட்டுச் சாப்பிட்டார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். தண்ணீரைத் திறந்து விட்டேன், சத்தம் வெளியே போகாமல் இருக்க.

18.1.2005, செவ்வாய்

இருக்கிறான்.

ஆறுதலாய் எழுதுகிறேன். மாரித் சட்டலைட் ரெலிபோனில் எடுத்தாள், ஸ்டியானுக்கு, அவன் கடைக்கு ஓடிவந்தான். முள்ளியவளையில் சனம் தங்கியிருக்கிற பள்ளிக்கூட வளவில் வாகனத்தை நிறுத்தி பாட்டைப் போட்டாளாம். பிறகு ஒரு கிழவர் எழுந்து வந்து வாகனத்தின் கதவில் கையை வைத்துக்கொண்டு அழுதாராம். சின்னப் பிள்ளைகள் வந்து அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்து, வாங்கோ வாங்கோ என்று வகுப்பறை வகுப்பறையாகக் கூட்டிக்கொண்டு போனார்களாம். கடைசி அறையில் கால் முறிந்து பாயில் கிடந்திருக்கிறான். பிள்ளைகள் சொன்ன பேரை மாரித் ரெலிபோனில் திருப்பிச் சொன்னாள். அவளுக்கு இந்தப் பேர் நன்றாக வாயில் வருகிறது. இடமில்லை மாஸ்டர்.

உதயகுமாரியின் ஆட்கள் அந்த வளவுக்கு இரண்டு தரம் போயிருக்கிறார்கள். பரமநாதன் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். நான் சொல்லிக் கொடுத்தபடி.

ராகவியைக் கட்டிப் பிடித்தேன். அவள் பிறகுதான் அழுதாள்.

19.1.2005

இன்றைக்கு அவனோடு கதைத்தேன். மாரித் அவனுடைய காதில் பிடித்தாள்.

நான்தான் கதைத்தேன், கதைத்தேன். கொழும்புக்குக் கூட்டி எடுக்கிறேன், நல்ல டொக்டர் பிடிக்கிறேன், விசா பார்க்கிறேன், நீ ஒன்றுக்கும் யோசியாதே என்று. மற்றப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அப்போதுதான் சொன்னான்.

“எல்லாரிட்டையும் என்னை விசாரிச்சனியாம். இமெல்டாவை ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையே, அண்ணை.”

அவள் கடல் வந்த அன்று தேவாலயத்துக்குக் காலைப் பூசைக்குப் போனவள். அவன் வீட்டில் வானொலிப் பெட்டிக்கு வயர் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறான். தண்ணீர் அவனைப் பனையில் கொண்டுபோய்ச் செருகியது. அவளை மூன்றாம் நாள் தான் கண்டெடுத்தார்கள். ரெலிபோன் எடுக்க வசதி வந்தும் எனக்கு எடுக்கச் சொல்லி அவன் யாரையும் கேட்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? அண்ணை சந்தோஷப்படுவார், நான் இருக்கிறேன் என்று. அதைக் கேட்கத் தன்னால் ஏலாது என்று நினைத்தானாம்.

நான் சந்தோஷப்பட்டேன்தானே. நேற்று முழுக்கச் சந்தோஷப்பட்டேன். அவள் எங்கே என்று நேற்று முழுக்க எனக்கு ஒருக்காலும் தோன்றவில்லை.

பிறகு கேட்டான், வெளிநாட்டுப் பெடியன் செய்த பாட்டில் அவளுடைய குரல் இருக்கிறதா என்று. பள்ளிக்கூட வளவில் போட்டபோது அறைக்குள் பிள்ளைகளின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையாம். ஓம் என்றேன். எவ்வளவு இருக்கு என்றான்.

“முழுக்க அவள்தான் பரமன். நீ ஒருக்கால்தான் வாறாய்.”

அழுதான். இந்த நாட்டில் குடிகாரன், குழந்தை, ரயிலுக்கு ஓடுகிறவன், எல்லோர் வாயிலும் ஒன்றரை மாதமாக இருந்தது அவள். நான் அதற்குள் தம்பியைத் தேடிக்கொண்டு நின்றேன்.

22.1.2005, சனி

சேதி பரவிவிட்டது. புஷ்பமலர் அக்கா கைபிடித்துச் சந்தோஷம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, பொங்கினதைப் பற்றி மனதைப் போட்டுக் குழப்ப வேண்டாம் என்றார். “அந்தப் பிள்ளை வேதக்காரர்தானே தம்பி. உங்களுக்குத் துடக்கில்லை. கோயிலுக்கு வாரும், அருச்சனை செய்வம்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். சலுகையும் நல்ல சலுகை. வேறு எவனாவது இப்படி ஒன்றை நீட்டினால் யோசியாமல் வாங்கிப் பைக்குள் போடுகிறவன் நான்.

“இல்லை அக்கா. எனக்குத் துடக்கு,” என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். வாங்கி வைத்த தேங்காயையும் கற்பூரத்தையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். பரவாயில்லை.

25.1.2005, செவ்வாய்

அவளுக்கு முப்பத்தொன்று. கடை பூட்டு. கடை தொடங்கின நாளிலிருந்து வேலை நாளில் நான் பூட்டினது இதுதான் முதல் தரம். மகள் பிறந்த அன்றுகூடப் பின்னேரம் திறந்தவன்.

கண்ணாடிக் கதவில் மரண அறிவித்தல் ஒட்டினேன். இமெல்டா பரமநாதன் என்று பேரை எழுதிவிட்டு, உறவு எழுதுகிற இடத்தில் வெகுநேரம் இருந்தேன். என் பேரைப் போட்டு ‘யோகராசாவின் அன்பு மைத்துனி’ என்று எழுதினேன். மைத்துனி அச்சில் வருகிற சொல். எங்கள் வாயில் மச்சாள் என்றுதான் வரும். அது இன்னும் எனக்கு வரவில்லை. அன்பு என்று எழுதினதும் பொய்தான். ஆனால் அதை அழிக்க மனம் வரவில்லை.

தமிழ்ப் பூசைக்குப் போனோம். எப்போது முழங்காலில் நிற்பது, எப்போது எழும்புவது என்று தெரியாமல் நானும் சிறிதேவியும் முன்வாங்கில் இருந்த ஒரு கிழவியைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். பாதிரியார் பேரை வாசித்தபோது யாரோ பின்னால் விம்மியது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஸ்டியான். ராகவி கூட்டிவந்திருக்கிறாள்.

வெளியே வந்து அவனிடம் சொன்னேன், உறையில் பேரை மாற்ற வேண்டும் என்று. அவள் முதல், பிறகு தம்பி. அடித்து வைத்ததெல்லாம் வீணாகப் போகுமே என்று அவன் சொல்லுவான், எப்படி மடக்கலாம் என்று நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். அவன் ஓம் என்றுமட்டும் சொன்னான்.

3.2.2005

மறுபடி வானொலியில் போடத் தொடங்கிவிட்டார்கள். கடையில் பெட்டி ஓடியது. நிறுத்தப் போன சிறிதேவியை விடச் சொன்னேன்.

காற்றுப் போன பலூன் மாதிரி இருக்கிறேன். ஆட்கள் ‘உங்கடை தம்பி தப்பிவிட்டார், அதிர்ஷ்டம்’ என்கிறார்கள். ஓம் ஓம் என்கிறேன். அவன் சாப்பிடுகிறான் இல்லை என்று உதயகுமாரி சொல்கிறாள். கால் பொருந்திவருகிறதாம். ஆள் பொருந்தவில்லை.

26.2.2005, சனி

வெண்டிக்காய் நல்லதாக வந்தது, கத்தரிக்காய் மோசம். அடுத்த மாதச் சரக்குக்கு சிறிதேவிக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டேன். எனக்கு முந்தியே அவளுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கிறது.

புது உறை வந்தது. ஸ்டியான் காசு மேசைக்கு மேலே தானே ஒன்றை ஒட்டிவிட்டுப் போனான். அவளுடைய படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லாதபடியால் பேர் மட்டும்தான்.

பூண்டு வாங்க வந்த ஒரு நோர்வேப் பெண், பதினெட்டு இருபது வயதிருக்கும், அதைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டு தனக்கு நல்ல விருப்பம் என்றாள். இமெல்டா என்றால் யார், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

“ஸ்விகரின்ன,” என்றேன். தம்பியின் பெண்சாதி, என் மச்சாள், எல்லாவற்றுக்கும் அவர்களிடம் இந்த ஒரு சொல்தான். அவள் தலையாட்டிவிட்டு, எவ்வளவு அழகான குரல் என்று சொல்லிப் பூண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வாய் திறந்து முதல் தரம் அப்படித்தான் சொன்னேன், நோர்வேஜியனில். வியாழக்கிழமை கொழும்புக்கு விமானம், அங்கிருந்து வன்னிக்கு. அந்தச் சொல்லைத் தமிழில் பரமனுக்கு முன்னால் சொல்ல வேண்டும்.